மைத்துனியின் ஆரஞ்சுத் தோல் வைத்தியம்

அன்புள்ள மைத்துனிக்கு,

அத்தான் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். அப்படி எழுதுவது மரியாதை என்பதால் எழுதியிருக்கிறேன். நம்பியே தீர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அங்கு நீயும் சகலையும் குழந்தைகளும் நலமாக இருப்பீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அடுத்தவர் வீட்டுக்கு இயற்கை வைத்தியம் சொல்லி அனுப்பிவிட்டுத் தன் வீட்டில் கடையில் வாங்கிய நீலத் தண்ணீரைத் தெளித்துத் துடைக்கிறவர்கள் எப்போதும் நலமாகத்தான் இருப்பார்கள். போன தடவை உங்கள் வீட்டுக்கு வந்தபோது, பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே அந்த நீலப் பாட்டிலை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். மூடி சரியாக மூடாமல் இருந்தது. விருந்தாளியாயிற்றே என்று பேசாமல் இறுக்கி மூடி வைத்துவிட்டு வந்தேன்.

இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ கேட்பாய். போன் செய்திருக்கலாம்தான். ஆனால் நான் 'ஹலோ' என்றதும் நீ, "அத்தான் நல்லாருக்கீங்களா, அக்காகிட்ட குடுங்க" என்பாய். நான் நன்றாக இருக்கிறேனா இல்லையா என்று சொல்வதற்குள் போன் உன் அக்கா காதில் இருக்கும். பிறகு மணிக்கணக்கில் எலுமிச்சை, வினிகர், சமையல் சோடா. கடிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது. கடைசி வரி வரைக்கும் நீ என்னோடுதான் பேசியாக வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். பாதி உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் குற்றப்பத்திரிகை என்றால் முதலிலிருந்து எழுதுவதுதான் முறை. நாங்கள் கீழ்த்தளத்தில் குடியிருக்கிறோம், வீட்டுக்காரம்மா மாடியில் இருக்கிறார். தட்டச்சுப் பள்ளி நடத்தி ஓய்வு பெற்றவர். பேச்சும் தட்டச்சு மாதிரிதான் இருக்கும், ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாக வந்து விழும். அவருக்கு மூச்சுத் தொல்லை உண்டு. நாங்கள் கீழே பினாயில் ஊற்றித் துடைத்தால் அந்த நெடி ஜன்னல் வழியாக மாடிக்கு ஏறி, அவர் தும்ம ஆரம்பித்தால் எங்கள் வீட்டுக் கூரை அதிரும். ஒருநாள் தும்மித் தும்மிக் கண்ணெல்லாம் சிவந்துபோய்க் கீழே இறங்கி வந்தார். "வீட்டு ஒப்பந்தம் முடியப்போகுது. ஒண்ணு அந்த பினாயில் போகணும். இல்ல, நீங்க போகணும். ரெண்டுல எதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க" என்றார். ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து ஒவ்வொரு அறையாக முகர்ந்து பார்ப்பேன் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

உன் அக்காவுக்கு இந்த வீடு என்றால் உயிர். என்னுடைய ஆலைக்காரர்கள் எங்கே புதுக் கிளை திறந்தாலும் முதலில் என்னைத்தான் அனுப்புவார்கள். நான் ஒரு கைப்பையோடு முன்னால் போய்விடுவேன். பின்னால் அவள் தட்டு, தம்ளர், கண்ணாடி டப்பா என்று ஒவ்வொன்றையும் பழைய பேப்பரில் சுற்றிப் பெட்டியில் அடுக்கி வந்து சேர்வாள். எத்தனை வீடு என்று எண்ணுவதை நாங்கள் எப்போதோ நிறுத்திவிட்டோம். நான் ஓய்வு பெற்ற அன்று, "இதுதான் கடைசி வீடு. இனிமே ஒரு தம்ளரக்கூட பேப்பர்ல சுத்த மாட்டேன். சொல்லிட்டேன்" என்றாள். இந்த வீட்டின் சமையலறையில் காலை வெயில் விழுகிறது. பின்வாசல் படியில் அவள் டீ குடிக்க உட்காரும்போது எதிர்வீட்டுப் பூனை பக்கத்தில் வந்து உட்காருகிறது. அவ்வளவுதான் அவள் கேட்பது. அதனால் வீட்டுக்காரம்மா மாடி ஏறியதும் அவள் போனை எடுத்தாள். அத்தனை பேர் இருக்கும் உலகத்தில் உனக்குப் போய் அடித்தாள்.

அன்று முதல் எங்கள் சமையலறை ஆராய்ச்சிக்கூடமாகிவிட்டது. வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர், அதில் எலுமிச்சைத் தோல், வடிகட்டி ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றினால் ஒன்று. தண்ணீரில் சமையல் சோடாவைக் குழைத்தால் இன்னொன்று. இதெல்லாம் முன்னுரைதான். மகாகாவியம் எதுவென்றால், சர்க்கரையும் தண்ணீரும் ஆரஞ்சுத் தோலும் போட்டு, பெரிய பெரிய பிளாஸ்டிக் பாட்டில்களில் அடைத்து, நடு அறைப் பரண்மேல் வாரக்கணக்கில் ஊறவைக்கும் அந்தத் திரவம். அது நுரைத்துப் புளித்து வந்தால் தரை, சுவர், குளியலறை, பாவம் எல்லாவற்றையும் போக்கும் என்று நீ சொன்னாயாம். ஆரஞ்சைச் சாப்பிடுவது என் வேலை. ஒருநாள் நான் 'போதும்' என்றதற்கு, "தோல் பத்தல, இன்னும் நாலு சாப்பிடுங்க" என்றாள். வீடு முழுக்க ஊறுகாய் ஜாடிக்குள் குடியிருப்பதுபோல ஒரு வாசனை. பினாயில் வாசனை போய்விட்டது, ஒப்புக்கொள்கிறேன். கூடவே பசியும் போய்விட்டது.

நான் சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்த்தேன் என்று நினைக்காதே. ஓய்வு பெற்றவன் வீட்டில் சும்மா உட்கார்ந்தால் என்ன பேர் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். ஒருநாள் அவள் கடைக்குப் போயிருந்த நேரத்தில் உதவி செய்யலாம் என்று எலுமிச்சை வினிகரை எடுத்தேன். நடு அறையில் வீட்டுக்காரம்மாவின் வட்ட மேஜை இருக்கிறதே, மேலே வெள்ளைச் சலவைக்கல் பதித்தது, வீட்டோடு எங்களுக்குக் கொடுத்தது, அதன்மேல் தாராளமாகத் தெளித்தேன். நன்றாக ஊறட்டும் என்று விட்டுவிட்டு ஒரு குட்டித் தூக்கம் போட்டேன். எழுந்து துடைத்துப் பார்த்தால் அழுக்கு போயிருந்தது. கூடவே கல்லின் பளபளப்பும் போயிருந்தது. நடுவில் செருப்புக் காலால் தேய்த்ததுபோல ஒரு வெளுத்த திட்டு. உன் அக்கா வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ, எலுமிச்சையும் வினிகரும் கல்லு மேல படவே கூடாதுன்னு தங்கச்சி படிச்சுப் படிச்சுச் சொன்னாளே!" என்றாள். யாரிடம் சொன்னாய்? அவளிடம். என்னை லைனில் விட்டாயா? இல்லை. ஆகவே அந்தத் திட்டுக்குப் பொறுப்பு யார் என்பதை உன் மனசாட்சிக்கே விட்டுவிடுகிறேன். இப்போதைக்கு ஒரு பூப்போட்ட துணியை விரித்து அதை மறைத்தோம்.

அடுத்தது சோடா விவகாரம். வினிகரும் அழுக்கை எடுக்கிறது, சோடாவும் அழுக்கை எடுக்கிறது. இரண்டையும் சேர்த்தால் இரண்டு மடங்கு எடுக்கும் என்று யோசிப்பது ஒரு குற்றமா? படித்தவன் அப்படித்தான் யோசிப்பான். இரண்டையும் ஒரே ஸ்ப்ரே பாட்டிலில் போட்டு, தலையைத் திருகி மூடிவிட்டுத் திரும்பினேன். படார் என்று பாட்டிலின் தலை பறந்து போய்ச் சுவர்க் கடிகாரத்தில் மோதியது. கடிகாரம் அன்றிலிருந்து தனக்குத் தோன்றிய நேரத்தைக் காட்டுகிறது. உன் அக்கா ஓடி வந்து, "ரெண்டையும் கலந்தா ரெண்டும் வீணாப்போயிடும், மூடவே கூடாதுன்னு..." என்று ஆரம்பித்தாள். தங்கச்சி சொன்னாளே என்று முடிப்பாள் என்பது தெரிந்ததால் மீதியைக் கேட்கவில்லை. கீழே கிடந்த பாட்டில் தலையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். மட்டமான சரக்கு. திருகி மூடும் மரை ஆழமே இல்லை. உள்ளே ரப்பர் வளையம் கிடையாது. கோளாறு கலவையில் இல்லை, மூடியில்தான் இருக்கிறது என்பது ஒரு பார்வையிலேயே புரிந்துவிட்டது.

இதில் நான் கொஞ்சம் பெருமையாகப் பேசினால் பொறுத்துக்கொள். உன் அத்தான் வேலை பார்த்தது மூடி செய்யும் ஆலையில், கசிவு சோதிக்கும் பிரிவில். உலகத்தில் எத்தனையோ பேர் பாட்டிலைக் கவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டு நிம்மதியாகப் பஸ் ஏறுகிறார்கள் என்றால் அதற்கு நானும் ஒரு காரணம். என் கை பட்ட மூடியிலிருந்து ஒரு சொட்டு கசிந்ததாக இன்றுவரை யாரும் சொன்னதில்லை. உன் அக்காவோ அதற்கு நேர் எதிர். பிறந்ததிலிருந்து எதையுமே முழுதாக மூடியறியாதவள். எண்ணெய்ப் பாட்டில் பாதி, பற்பசை பாதி, பேனா பாதி. அவள் திறந்து வைத்துக்கொண்டே முன்னால் போவாள், நான் மூடிக்கொண்டே பின்னால் போவேன். எங்கள் இல்லறத்தை யாராவது ஒரே வரியில் எழுதச் சொன்னால் அவ்வளவுதான் எழுத இருக்கிறது.

இந்தப் பரண் பாட்டில்கள் விஷயத்திலும் அவள் அதையே செய்தாள். தினமும் காலையில் முக்காலி போட்டு ஏறுவாள், ஒவ்வொரு மூடியையும் திருகுவாள், 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வரும், லேசாக மூடியும் மூடாமலும் வைத்துவிட்டு இறங்கி வருவாள். உள்ளே இருப்பது சர்க்கரைத் தண்ணீர். முதல் வாரமே எறும்புகள் கதவு இடுக்கிலிருந்து பரண் வரைக்கும் ஊர்வலம் வந்தன. வீட்டுக்காரம்மா பரிசோதனைக்கு வரும் நேரத்தில் எறும்பு ஊர்வலம் நடந்தால் என்ன ஆகும்? அவளிடம் சொன்னால் சண்டை வரும் என்பதால், அவள் குளிக்கப் போனதும் நான் முக்காலியில் ஏறி எல்லாவற்றையும் இறுக்கிவிடுவேன். மட்டமான மூடிகளைத் தூக்கி எறிந்துவிட்டு, ஓய்வு பெறும்போது நினைவுக்காக எடுத்துவந்த எங்கள் ஆலை மூடிகளைப் போட்டேன். மறுநாள் காலையில் அவள், "ஏங்க, நேத்து நான் தளர்த்தித்தானே வச்சேன். எப்படி இப்படி இறுகிப்போச்சு?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வாள். நான் பேப்பர் படிப்பதுபோல இருந்துவிடுவேன். செய்த நல்லதை விளம்பரப்படுத்திக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை.

பரிசோதனைக்கு முந்தைய சில நாட்கள் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குளியலறை ஓடுகளை ஒவ்வொன்றாகப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தாள். கதவு, பிடி, மின்விசிறி இறக்கை என்று எதையும் விடவில்லை. இந்தப் பரபரப்பில் பரண்மேல் ஏறவே மறந்துவிட்டாள். எனக்கு அது பெரிய நிம்மதி. ஒருவழியாகத் திருந்திவிட்டாள் என்று நினைத்தேன். இருந்தாலும் கடமையை விட முடியுமா? தினமும் ஏறி, ஏற்கெனவே இறுகியிருந்த மூடிகளுக்கு இன்னும் ஒரு அழுத்து அழுத்தித் திருகிவிட்டேன். பாட்டில்கள் எல்லாம் கொஞ்சம் தொந்தி போட்டிருந்தன. நல்ல சத்தான சரக்கு போலிருக்கிறது, தேறி வருகிறது என்றுதான் நினைத்தேன். உன் வைத்தியத்தின்மேல் எனக்கு அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கொஞ்சம் மரியாதை வந்தது. அதை அது காப்பாற்றிக்கொள்ளவில்லை.

நேற்றுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை. வீட்டுக்காரம்மா வெளுத்த பருத்திப் புடவையில், கையில் மூக்குக்கண்ணாடிக் கூட்டோடு இறங்கி வந்தார். சமையலறை வாசலில் நின்று மூச்சை இழுத்தார். தும்மவில்லை. குளியலறைக்குள் தலையை நீட்டி இழுத்தார். தும்மவில்லை. படுக்கையறை அலமாரியைத் திறக்கச் சொல்லி அதற்குள்ளும் இழுத்தார். உன் அக்கா முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே பின்னால் போனாள். கடைசியில் நடு அறைக்கு வந்து, "பரவால்லம்மா. நான் நம்பல. ஆனா பரவால்ல" என்றார். உன் அக்கா முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்து எவ்வளவோ நாளாகிறது. எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. "உக்காருங்கம்மா, இங்க நல்லாக் காத்து வரும்" என்று நாற்காலியைச் சரியாகப் பரணுக்குக் கீழே இழுத்துப் போட்டவன் நான்தான்.

"என்னம்மா போட்டுத் துடைக்கிற?" என்று கேட்டார். "ஆரஞ்சுத் தோல்தாங்க. வேற ஒண்ணுமே இல்ல" என்றாள் உன் அக்கா. "வெறும் ஆரஞ்சுத் தோலா?" என்று அவர் நம்பாமல் தலையை மேலே தூக்கினார். அவர் கேட்ட கேள்விக்குப் பரணே பதில் சொல்வதுபோல முதல் பாட்டில் வெடித்தது.

நான் பட்டாசு வெடித்துப் பார்த்திருக்கிறேன், டயர் வெடித்துப் பார்த்திருக்கிறேன். ஆரஞ்சுத் தோல் வெடிப்பதை நேற்றுதான் பார்த்தேன். என்ன ஆயிற்று என்று நிமிர்வதற்குள், பக்கத்திலிருந்த பாட்டிலும் அண்ணன் போன வழியில் போனது. மின்விசிறி வேறு ஓடிக்கொண்டிருந்ததால் திரவம் பாரபட்சம் இல்லாமல் நாலு சுவருக்கும் போய்ச் சேர்ந்தது. வீட்டுக்காரம்மாவின் தலையில் ஊறிப்போன ஒரு பெரிய தோல், பூ வைத்ததுபோல உட்கார்ந்திருந்தது. புடவை நனைந்து, கண்ணாடியில் சொட்டுச் சொட்டாக வழிந்து, அவர் கையால் துழாவினார். முகம் துடைக்க ஏதாவது அகப்படுமா என்று பார்த்திருக்கிறார். கைக்குப் பக்கத்தில் மேஜை. மேஜைமேல் பூப்போட்ட துணி.

"அம்மா, துண்டு தரேன், துண்டு தரேன்" என்று உன் அக்கா அலறுவதற்குள் துணி அவர் முகத்தில் இருந்தது. மேஜை வெட்டவெளியில் இருந்தது. அவர் முகத்தைத் துடைத்தார், கண்ணாடியைத் துடைத்து மாட்டினார், முதலில் கூரையைப் பார்த்தார், பிறகு மேஜையைப் பார்த்தார். அந்த வெளுத்த திட்டில் அவர் பார்வை நின்ற நேரத்தில் நான் என் ஆயுசில் பாதியைத் தொலைத்துவிட்டேன். உன் அக்கா முகத்தில் ஈயாடவில்லை.

அவர் கத்தவில்லை. குனிந்து, காலடியில் உருண்டு வந்த ஒரு மூடியை எடுத்தார். பாட்டில் கிழிந்து கழுத்து தனியாக வந்திருந்தது, ஆனால் கழுத்தில் மூடி அப்படியே இருந்தது. அவர் திருகிப் பார்த்தார். அசையவில்லை. "இத யாரு மூடினது?" என்று கேட்டார். அந்த இக்கட்டிலும், தரத்தைப் புரிந்துகொள்ளும் ஒருவர் கேட்கிறாரே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு மகிழ்ச்சி. "நான்தாங்க. தினமும் நான்தான் மூடறேன். எங்க ஆலை மூடி. ஒரு சொட்டு கசியாது" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். உன் அக்காவும் திரும்பி என்னைப் பார்த்தாள். இருவரும் ஒரே மாதிரி பார்த்தார்கள். பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன், ஆனால் வீட்டுக்காரம்மா மூடியைக் கையிலேயே வைத்துக்கொண்டு மாடி ஏறிப் போய்விட்டார். போகும்போதும் தலையில் அந்தத் தோல் இருந்தது. யாருக்கும் சொல்லத் துணிவு வரவில்லை.

அதிலிருந்து உன் அக்கா என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தொண்டைக்கு ஓய்வு கொடுக்கிறாள் என்று முதலில் நினைத்தேன். துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போனவள் வெகுநேரம் கழித்துத்தான் இறங்கி வந்தாள், கண் சிவந்திருந்தது. பிறகு அலமாரிக்கு அடியிலிருந்த பழைய செய்தித்தாள்களை எல்லாம் இழுத்து வெளியே எடுத்து, சமையலறையில் பாத்திர அலமாரிக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்தாள். அத்தனை ஊரிலும் அத்தனை வீட்டிலும் கிளம்புவதற்கு முதல் அறிகுறி அந்தப் பேப்பர் அடுக்குதான். இனிமேல் ஒரு தம்ளரைக்கூடச் சுற்ற மாட்டேன் என்றவள். கிண்டலாக எழுத வேண்டும் என்று உட்கார்ந்தவன்தான் நான். இந்த வரியை மட்டும் அப்படி எழுத முடியவில்லை. அவள் பக்கத்தில் போய் நின்றேன். "கொஞ்சம் நகருங்க" என்றுகூடச் சொல்லாமல் என்னைச் சுற்றிக்கொண்டு போனாள்.

ஆகவே, பெரிய மனது படைத்த மைத்துனியே, உன்னிடம் நான் கேட்பது அதிகம் இல்லை. உடனே உன் அக்காவுக்குப் போன் செய்து, தப்பு முழுவதும் உன் வைத்தியத்தின்மேல்தான், அத்தான் பாவம், ஒன்றும் அறியாதவர் என்று சொல்லு. வீட்டுக்காரம்மாவுக்கு நேரிலோ எழுத்திலோ மன்னிப்புக் கேள். பரணில் இன்னும் வெடிக்காமல் மிச்சம் இருக்கும் பாட்டில்களைச் சகலையை அனுப்பி எடுத்துப்போகச் சொல்; ராணுவத்தில் யாராவது தெரிந்தவர் இருந்தால் கூட வரட்டும். அவற்றை நான் இப்போதும் நன்றாக இறுக்கித்தான் வைத்திருக்கிறேன், அந்த வகையில் பயப்பட வேண்டாம். இனி உன் வாயிலிருந்து எலுமிச்சை என்ற சொல் வந்தாலும் போனை வைத்துவிடும்படி உன் அக்காவிடம் சொல்வதாக இருக்கிறேன், அவள் என்னோடு பேச ஆரம்பித்த பிறகு.

சகலைக்கு என் அனுதாபம் கலந்த அன்பு. குழந்தைகள் நன்றாகப் படிக்கட்டும், முக்கியமாக வேதியியல். நீ தீர்க்காயுசாக, உன் நீலத் தண்ணீரோடு, நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,

உன் அன்புள்ள அத்தான்.

பி.கு.: மேலே எழுதியிருப்பதைப் படிக்காதே. படித்துவிட்டாய் என்றால் மறந்துவிடு. அதிலும் மிச்சப் பாட்டில்களைப் பற்றி எழுதியதை முதலில் மறந்துவிடு, அவற்றை இன்று காலை நாங்கள் ஈரச் சாக்கு போர்த்தி, ஒவ்வொன்றாக மூச்சு விடவைத்தோம்.

காலையில் உறையை ஒட்டித் தபாலில் போடச் செருப்பை மாட்டும்போது வீட்டுக்காரம்மா இறங்கி வந்தார். ஒரு கையில் அந்த மூடி, ஒரு கையில் தட்டச்சு செய்த தாள். போச்சு, காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் என்று திருதிருவென விழித்தேன். "சார், ரொம்ப நல்ல மூடி. அதுதான் பிரச்சினை" என்றார். "உள்ள ஊறிக்கிட்டே இருக்கு. காத்து உண்டாகுது. அது போக வழி வேணாமா? உங்க வீட்டம்மா தினமும் தளர்த்தினது அதுக்குத்தான். நேத்து மேல வந்து அழுதுகிட்டே எல்லாத்தையும் சொன்னாங்க." துணி காயப்போட அவ்வளவு நேரம் ஏன் ஆயிற்று என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. நிபுணர்கள் இருவர் ஒரே கருத்தைச் சொல்வதால், வெடித்ததற்கு மூடி இறுக்கமாக இருந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று நானும் ஏற்றுக்கொள்கிறேன். "இன்னொண்ணு. தலையோட கொட்டுச்சே, நான் ஒரு தும்மல் தும்மினேனா? யோசிச்சுப் பாருங்க" என்றார். யோசித்துப் பார்த்தோம். தும்மவில்லை.

தாள் புது ஒப்பந்தம். அவரே தட்டச்சு செய்திருக்கிறார், ஒரு பிழை இல்லை. மாடி வீட்டுக்கும் சேர்த்து உன் அக்கா அந்தத் திரவத்தைச் செய்து தர வேண்டும் என்று ஒரு பிரிவு. கல் மெருகுக்காரர் வந்து மேஜையைச் சரிசெய்யும்போது குடித்தனக்காரர் அந்த அறையில் இருக்கக் கூடாது என்று ஒரு பிரிவு. இந்த வீட்டில் எந்தப் பாட்டிலையும் குடித்தனக்காரர் இறுக்கக் கூடாது, தினமும் காலையில் கீழ் வீடு, மாடி வீடு இரண்டிலும் உள்ள பாட்டில்களைத் தளர்த்துவது அவர் பொறுப்பு என்று ஒரு பிரிவு. வாழ்நாள் முழுக்க மூடியவனைத் திறக்கும் வேலையில் போட்டிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆகவே நீ மன்னிப்புக் கேட்க வேண்டாம், சகலையை அனுப்ப வேண்டாம், அனுப்புவதாக இருந்தால் காலி பாட்டில்களோடு அனுப்பு, அகல வாயாக இருக்கட்டும். வீட்டில் ஆரஞ்சு சாப்பிட்டால் தோலைத் தூக்கிப் போட்டுவிடாதே.

அந்தப் பேப்பர் அடுக்கும் பாத்திரம் சுற்ற இல்லையாம். வினிகர் தண்ணீரைத் தெளித்துச் செய்தித்தாளால் துடைத்தால் ஜன்னல் கண்ணாடி பளிச்சென்று ஆகும் என்று நீ சொன்னாயாம். வீட்டுக்காரம்மா போனதும் உன் அக்கா முக்காலியில் ஏறித் துடைக்க ஆரம்பித்தாள். "கிளம்பறதுக்குத்தான் எடுத்து வச்சியோன்னு நெனச்சேன்" என்றேன். "கிளம்பற வீட்டுக்கு யாராவது ஜன்னல் துடைப்பாங்களா?" என்றாள். நேற்றிலிருந்து அவள் என்னோடு பேசிய முதல் பேச்சு. என் கண் கலங்கியதற்கு வினிகர் நெடி என்று காரணம் சொன்னேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

கடைசியாக ஒன்று. இந்தப் பி.கு.வைச் சேர்ப்பதற்காக உறையைத் திறக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவ்வளவு கச்சிதமாக ஒட்டியிருந்தேன். உன் அக்காதான் கெட்டில் ஆவியில் காட்டித் திறந்து கொடுத்தாள். திறந்தவள் சும்மா கொடுப்பாளா, நின்றபடியே முழுதும் படித்தாள். நான் கோபமாக எழுதிய இடத்தில் எல்லாம் சிரித்தாள். பேப்பர் அடுக்கைப் பற்றி எழுதிய இடத்தில் மட்டும் சிரிக்கவில்லை. எழுதி முடித்துவிட்டு மறுபடியும் ஒட்டப் பசையை எடுத்தேன். கையிலிருந்து வாங்கித் தள்ளி வைத்துவிட்டாள். "சும்மா மடிச்சுச் சொருகி அனுப்புங்க. கொஞ்சம் காத்து போகட்டும்" என்றாள். அதனால் இந்தக் கடிதம் உனக்கு ஒட்டாமல்தான் வந்து சேரும்.